மாடி டிவியில் கீழே உள்ள கம்ப்யூட்டர் தெரியவில்லை, 4கே கல்யாண வீடியோ நின்று நின்று ஓடுகிறது

மாடிப்படி (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டு அமைப்பு இது. கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டி, முகவரி 192.168.1.1. அதில் கேபிள் வழியாக ஒரு பழைய டெஸ்க்டாப்: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 4 டிபி டிஸ்க், விண்டோஸ் 10. சுவருக்குள் ஓடும் கேட்6 கேபிள் மாடிக்கு வந்து எங்கள் சொந்த ரவுட்டரின் வான் போர்ட்டில் (வெளி இணையம் வரும் துளை) செருகியிருக்கிறது. அந்த ரவுட்டர் 192.168.0.1. ஆண்ட்ராய்டு டிவி அதோடு கேபிளில் இணைந்திருக்கிறது.

டெஸ்க்டாப்பில் ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோக்களை மற்ற சாதனங்களுக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டு, டிஎல்என்ஏவையும் (சாதனங்கள் ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடித்து வீடியோ பகிரும் முறை) இயக்கிவிட்டேன். கீழே உள்ள போன்களில் உடனே தெரிகிறது. மாடி டிவியில் தேடினால் வருவதே இல்லை. 192.168.1.10:8096 என்று (டெஸ்க்டாப்பின் முகவரியும் ஜெல்லிஃபினின் போர்ட் எண்ணும்) ஜெல்லிஃபின் ஆப்பில் கையால் கொடுத்தால் மட்டும் திறக்கிறது. அப்படித் திறந்தாலும், வீடியோகிராபர் தந்த எடிட் செய்யாத கல்யாணக் கோப்புகள் (4கே, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிபி) சில விநாடிக்கு ஒருமுறை நின்றுவிடுகின்றன. மாடியில் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து அதே கோப்பைக் காப்பி செய்தால் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். டிஸ்கை ரவுட்டரின் யூஎஸ்பியிலேயே மாட்டிவிட்டால் டெஸ்க்டாப் தேவைப்படாதா? சிங்கப்பூரில் உள்ள தம்பி பார்ப்பதற்காக 8096 போர்ட்டைத் திறந்துவிட்டேன், வெளியிலிருந்து திறக்கவே இல்லை. ஏன்?

ஒற்றைவலை

முதலில் டிவியில் ஏன் தெரியவில்லை என்பது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு நெட்வொர்க் அல்ல, இரண்டு. மாடி ரவுட்டர் வான் போர்ட் வழியாக இணைந்திருப்பதால், கீழே உள்ளதை அது 'வெளி உலகம்' என்று எடுத்துக்கொள்கிறது. டிஎல்என்ஏ சாதனங்கள் ஒன்றையொன்று தேட 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்குப் போகும்) முகவரிக்குக் குரல் கொடுக்கும். வீட்டு ரவுட்டர் அந்தக் குரலை மறுபக்கம் கடத்தாது. முகவரியைக் கையால் கொடுத்தால் திறப்பதற்குக் காரணம், மாடியிலிருந்து கீழே போகும் இணைப்பை அது அனுமதிக்கிறது. கீழிருந்து மாடிக்கு வர முயன்றால் அதுவும் நடக்காது.

மாடி ரவுட்டரை வெறும் அக்சஸ் பாயின்ட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் இணைப்பை மட்டும் நீட்டும் பெட்டி) ஆக்கிவிடுங்கள். வான் கேபிளைக் கழற்றி, லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) மாட்டி, 192.168.0.1க்குள் போங்கள். 'ஆபரேஷன் மோட்' பக்கத்தில் 'அக்சஸ் பாயின்ட்' இருந்தால் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும். கேபிளை மறுபடி பழைய இடத்திலேயே செருகலாம்.

அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் வரிசை முக்கியம். முதலில் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். ரவுட்டர் திரும்ப எழுந்ததும் புது முகவரியில் நுழைந்து, அதற்குப் பிறகு டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்துங்கள். முதலிலேயே டிஎச்சிபியை நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். கடைசியாக, மாடிக்கு வரும் கேபிளை வான் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் ஒன்றில் செருகுங்கள்.

ஃபைபர் பெட்டியில் டிஎச்சிபி வரம்பை 192.168.1.50 முதல் 200 வரை என்று சுருக்குங்கள். இல்லாவிட்டால் அது .2ஐ வேறு ஒரு போனுக்குக் கொடுத்து முகவரி மோதல் வரும். டெஸ்க்டாப்பின் .10ஐயும் அதன் மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சேர்த்து ரிசர்வ் செய்துவிடுங்கள். கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு ஒரு மேக் என்று இரண்டு இருக்கும், கேபிளுடையதைக் கொடுங்கள்.

இரண்டு பெட்டியிலும் டிஎச்சிபி ஓடினால் 'சில நேரம் நெட் வருது, சில நேரம் வரல' என்ற நிலை வரும். இந்த மாதிரிப் பிரச்சினைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எல்லாம் சரியாக இருந்தும் டிவியின் பட்டியலில் கம்ப்யூட்டர் சில நிமிடம் தெரிந்து மறைந்தால், ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (மல்டிகாஸ்ட் குரலை வடிகட்டும் வசதி) நிறுத்திப் பாருங்கள். டிவி கெஸ்ட் வைஃபையில் இருக்கக் கூடாது. கெஸ்ட் என்றாலே வீட்டுச் சாதனங்களைப் பார்க்க விடாது.

செப்புக்கம்பி

11 எம்பி என்பது தற்செயலான எண் அல்ல. 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) இணைப்பில் கோப்பு காப்பி 11 எம்பி (மெகாபைட்) சொச்சத்தில்தான் நிற்கும். ஜிகாபிட் என்றால் 110 வரும். ஆக, நடுவில் ஏதோ ஒரு கண்ணி 100ல் ஓடுகிறது. சந்தேகம் இரண்டு பேர் மேல்தான்.

ஒன்று, மாடி ரவுட்டர். பெட்டியில் 1200 என்று அச்சிட்டிருப்பது வைஃபை எண்களைக் கூட்டிப் போட்டது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கேபிள் போர்ட் வெறும் 10/100தான். மாடல் எண்ணைப் போட்டு 'ஜிகாபிட் லேன்' என்று உள்ளதா பாருங்கள்.

இன்னொன்று, சுவர் கேபிள். ரவுட்டரைத் தாண்டி, மாடி ஜாக்கிலிருந்து நேரே லேப்டாப்பில் மாட்டி விண்டோஸில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 100/100 என்று காட்டினால் ஜாக்கைத் திறங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி தொடாமல் இருந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஜாக்கில் கம்பிகளை வைக்கும் 'பி' வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

புதுக் கேபிள் இழுக்க வேண்டி வந்தால் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சுருள்கள் மலிவாகக் கிடைக்கும். பஞ்ச் செய்யும்போதே ஒடியும், மின்தடையும் அதிகம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின் வயர் போகும் அதே பைப்பில் நெட் கேபிளைச் செருக எலக்ட்ரீஷியனை விடவே விடாதீர்கள். இரைச்சல் ஒரு பக்கம், உயிருக்கு ஆபத்து இன்னொரு பக்கம்.

டிவிக்குக் கேபிள்தான் நல்லது, அதை மாற்ற வேண்டாம்.

சட்டகம்

கடைசி வரியில் மட்டும் செப்புக்கம்பியோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 45 ஜிபி என்றால் 100 எம்பிபிஎஸ். டிவிகளின் கேபிள் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், விலை உயர்ந்த மாடலாக இருந்தாலும். அதில் உண்மையாக ஓடுவது 94, 95. சுவர் கேபிளைச் சரிசெய்தாலும் இந்தக் கோப்பு அந்தப் போர்ட்டில் நுழையவே நுழையாது. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்கள். இல்லையென்றால் யூஎஸ்பி ஜிகாபிட் அடாப்டர் ஒன்றை டிவியில் மாட்டலாம். யூஎஸ்பி 2 போர்ட்டிலும் 300 எம்பிபிஎஸ் சுற்றிக் கிடைக்கும். எல்லா டிவியும் அதை ஏற்காது, திருப்பித் தர முடிகிற கடையில் வாங்குங்கள்.

கோப்பைப் பற்றி ஒரு கேள்வி. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து, 'குரோமா சப்சாம்ப்ளிங்' (நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது), 'பிட் டெப்த்' (நிறத்தின் நுணுக்கம்), ஒலி வகை மூன்றையும் சொல்லுங்கள். நெட்வொர்க் சரியான பிறகும் படம் வராமல் போகக் காரணம் அங்கேதான் இருக்கும்.

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. மாடி ஜாக்கில் நீலமும் பழுப்பும் மடித்து ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டையும் பஞ்ச் செய்ததும் 1 ஜிபிபிஎஸ், காப்பி 108 எம்பி. ரவுட்டர் போர்ட்டும் ஜிகாபிட்தான். அக்சஸ் பாயின்ட் ஆக்கியதும் டிவியில் கம்ப்யூட்டர் தெரிகிறது. டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டதும் பாதிக் கோப்புகள் தடங்கலில்லாமல் ஓடுகின்றன, ஒலி மட்டும் வருவதில்லை. மீதிக் கோப்புகளில் படமே திக்குகிறது, டெஸ்க்டாப்பின் சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது. ஓடுபவை 4:2:0, 8 பிட். ஓடாதவை 4:2:2, 10 பிட். இரண்டிலும் படம் எச்.264 வடிவம், ஒலி பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி).

சட்டகம்

அப்படியானால் இனி நெட்வொர்க்கைத் தொட வேண்டாம். 4:2:2 10 பிட் எச்.264 என்பது எடிட்டிங்குக்காக கேமரா பதிவு செய்யும் வடிவம். அதைப் பிரிக்கும் வசதி டிவி சிப்பில் இல்லை, உங்கள் ஐ5இன் குவிக் சிங்கிலும் (சிப்புக்குள் இருக்கும் வீடியோ பகுதி) இல்லை. அதனால்தான் எல்லாப் பாரமும் சிபியுவின் தலையில் விழுகிறது. ஓடும்போது மாற்றுவதற்குப் பதிலாக ஒரே ஒரு முறை மாற்றி வைத்துவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.265, 8 பிட், தரம் ஆர்எஃப் 20, ஃப்ரேம் ரேட் 'மூலத்தில் உள்ளபடி', ஒலி ஏஏசி 192. 10 பிட் எடுக்கத் தோன்றும். ஆனால் ஆறாம் தலைமுறைக்கு எச்.265 10 பிட்டை ஹார்டுவேரில் பிரிக்க முடியாது, ஏழாவதில்தான் அது வந்தது. தம்பிக்காகச் சுருக்கி அனுப்பும்போது மறுபடி இதே சிக்கலில் நிற்பீர்கள். நான்கு கோர் சிபியுவில் 4கே மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும், இரவில் வரிசையில் போட்டுவிடுங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். அவற்றை வேறொரு டிஸ்கில் வைத்து அலமாரியில் பூட்டுங்கள். கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

ஒலி வராத 4:2:0 கோப்புகளுக்குப் படத்தைத் தொடவே வேண்டாம். எம்பி4க்குள் இருக்கும் பிசிஎம் ஒலியைப் பல டிவிகள் ஏற்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கினால் சில நிமிட வேலை, படத்தின் தரமும் குறையாது.

ஒற்றைவலை

விட்டுப்போன இரண்டு கேள்விகளுக்கும் பதில்.

ரவுட்டர் யூஎஸ்பியில் டிஸ்க் வேண்டாம். பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் கோப்புப் பகிரும் பழைய முறை) மட்டுமே பேசும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை வைரஸ் நுழைந்த வழி அது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 தானாக வராது. அதை மறுபடி இயக்கச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். போதாதற்கு யூஎஸ்பி 3 டிஸ்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பி, பக்கத்திலேயே உள்ள வைஃபையைக் கெடுக்கும்.

தம்பிக்கு: ஃபைபர் பெட்டியின் நிலைப் பக்கத்தில் வான் முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். உங்கள் பக்கம் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. 8096ஐ மூடிவிட்டு, டெஸ்க்டாப்பிலும் தம்பியின் சாதனத்திலும் டெயில்ஸ்கேல் (தூரத்து சாதனங்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள்) போடுங்கள். அதுவும் 100இல் தொடங்கும் முகவரி ஒன்றைத் தரும், குழம்ப வேண்டாம், அது வேறு. அந்த முகவரியோடு :8096 சேர்த்துத் திறந்தால் போதும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை இன்டெல் குவிக் சிங் என்று மாற்றுங்கள். தானாக அது இயங்காது. தம்பியின் ஆப்பில் தரத்தை 8 எம்பிபிஎஸ்ஸில் வையுங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. ஆறாம் தலைமுறை விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. நாள் முழுக்க ஓடப்போகும் இயந்திரம் என்பதால் டெபியன் லினக்ஸுக்கு மாற்றுவது நல்லது, ஜெல்லிஃபின் அதிலும் ஓடும். சும்மா இருக்கும்போது 40 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாத பில்லில் 58 யூனிட் கூடும். ஃபைபர் பெட்டியையும் டெஸ்க்டாப்பையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கோப்பு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் முதலில் அடிபடுவது டிஸ்க்தான்.