அப்பாவின் 4ஜி போனில் அழைப்பு மட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?

ஈசூன்மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவோடு சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறார். அவருடைய கைத்தொலைபேசி 2018இல் அண்ணன் திருச்சியில் வாங்கிக் கொடுத்தது, இரண்டு சிம் போடலாம். தீபாவளி அன்று, 2024 அக்டோபர் 31, சொந்தக்காரர்கள் எல்லாரோடும் அதில்தான் பேசினார். அடுத்த வாரம் தேக்கா சந்தைக்குப் போனவர், பை கனமாக இருக்கிறது, வந்து அழைத்துப் போ என்று சொல்ல என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போகவே இல்லை. பஃபலோ ரோட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு பூக்கடைக்காரர் தம் போனைக் கொடுத்து உதவினார்.

எண்ணை அழுத்தினால் சில நொடி அமைதி, அப்புறம் நெட்வொர்க் இல்லை என்று வருகிறது. நாங்கள் கூப்பிட்டாலும் மணி அடிப்பதில்லை. ஆனால் வாட்ஸ்அப் நன்றாக ஓடுகிறது, வங்கி ஓடிபியும் வருகிறது. பக்கத்துக் கடையில் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் புதுசு வாங்குங்கள் என்றார்கள். வாங்கிவந்த பெட்டியில் 4ஜி என்று அச்சடித்திருக்கிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு அந்தப் போன் கைக்குப் பழகிவிட்டது, முடிந்தால் அதையே காப்பாற்ற வேண்டும்.

பழையபோன்நேசன்:

கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது. 4ஜி முதலில் இணையத் தரவுக்காக மட்டும் கட்டப்பட்டது. அழைப்பு வந்தால் போன் 4ஜியிலிருந்து 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு, முடிந்ததும் ஏறி வரும். சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். இப்போது சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகிய மூன்று தொலைபேசி நிறுவனங்களும் 2024 நவம்பர் 1 முதல் 3ஜியையும் நிறுத்தத் தொடங்கிவிட்டன. இறங்குவதற்குப் படி இல்லை. இனிமேல் 4ஜி வழியாகவே குரலை அனுப்பத் தெரிந்த போன்தான் பேசும். அதற்குப் பெயர் வோல்டி (VoLTE).

மூன்று கேள்வி, அக்கா. ஓடிபி அனுப்புவது எந்த ஊர் வங்கி? வைஃபையை அணைத்துவிட்டாலும் வாட்ஸ்அப் ஓடுகிறதா? இரண்டு சிம்மும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன?

தோபாயோவாசி:

சிம் பழசாக இருக்கும். புது சிம் மாற்றினால் போதும், என் மாமாவுக்கு அப்படித்தான் சரியானது.

ஈசூன்மகள்:

நல்ல வேளை கேட்டீர்கள், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். ஓடிபி திருச்சி வங்கியிலிருந்து, அப்பாவின் இந்திய சிம்முக்கு வருகிறது. அந்த சிம் முதல் இடத்திலும் இந்த ஊர் சிம் இரண்டாவது இடத்திலும் இருக்கின்றன. வாட்ஸ்அப் வீட்டு வைஃபையில் மட்டும்தான். வைஃபையை அணைத்தால் ஒன்றும் ஓடவில்லை, சிங்கப்பூர் சிம்முக்குச் சிக்னல் கோடே காட்டவில்லை. சிம் போன வருடம் மாற்றியதுதான்.

பழையபோன்நேசன்:

அப்படியானால் முதல் சிக்கல் இடம். அந்தக் காலத்து இரட்டை சிம் போன்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் 4ஜியில் நிற்கும், மற்றது 3ஜி, 2ஜியோடு சரி. முதல் இடத்து இந்திய சிம் 4ஜியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் சிங்கப்பூர் சிம் இத்தனை வருடமும் 3ஜியில் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இந்திய சிம்மைக் கழற்றுங்கள், சிங்கப்பூர் சிம்மை முதல் இடத்தில் போடுங்கள், அமைப்புகளில் நெட்வொர்க் வகையை 4ஜி என்று வையுங்கள். அணைத்துத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஈசூன்மகள்:

கோடு வந்துவிட்டது! வைஃபை இல்லாமலே வாட்ஸ்அப் ஓடுகிறது, குறுஞ்செய்தியும் வந்தது. ஆனால் அழைப்பு இன்னும் போகவில்லை. அமைப்புகளில் வோல்டி என்று ஒரு பொத்தான் இருக்கும் என்கிறார்கள், இதில் அதுவே இல்லை.

கிராஞ்சித்தம்பி:

அக்கா, நான் தங்குவிடுதியில் இருக்கிறேன். இந்த மாதம் எங்கள் மாடியில் மட்டும் ஏழெட்டுப் பேருக்கு இதே கதை, எல்லாம் ஊரில் வாங்கிவந்த போன். வேலை முடிந்து வந்து ஒவ்வொருவருடையதாக உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் எண் அழுத்தும் இடத்தில் *#*#4636#*#* போடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், சிலவற்றில் திறக்காது. அதில் ஐஎம்எஸ் நிலை என்று இருக்கும். பதிவாகியிருக்கிறது என்று காட்டினால் வோல்டி ஓடுகிறது என்று பொருள். பதிவாகவில்லை என்றால் நெட்வொர்க் அந்தப் போனைக் குரலுக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஷாவ்மி, ரெட்மி வகை என்றால் *#*#86583#*#* போட்டுப் பாருங்கள், வோல்டி பொத்தான் வெளியே வரும். எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் கைகொடுத்தது. வேறு நிறுவனப் போனில் இது வேலை செய்யாது. யாராவது இணையத்தில் பார்த்து உள்மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்றால் அப்பா போனைக் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் படமெல்லாம் போய்விடும்.

அலைக்கற்றை:

தொலைத்தொடர்பில் வேலை செய்கிறேன், தம்பி சொன்னதில் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோது 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜி மட்டுமே கொண்டு வந்தது. அதனால் அதற்குப் பிறகு அங்கே விற்ற பெரும்பாலான போன்களில் வோல்டி வசதி இருக்கிறது. அக்காவின் அப்பா போனிலும் இருக்கும். பிறகு ஏன் இங்கே பேசவில்லை? எந்த நாட்டில், எந்த நிறுவனத்தின் சிம் போட்டால் வோல்டியைத் திறக்கலாம் என்று ஒரு அமைப்புக் கோப்பு போனுக்குள் இருக்கிறது. இந்தியச் சந்தைக்குச் செய்த போனின் கோப்பில் சிங்கப்பூர் நிறுவனங்கள் இல்லையென்றால், வசதி உள்ளேயே தூங்கும். அந்தக் கோப்பு பெரும்பாலும் மென்பொருள் புதுப்பிப்போடுதான் வரும், ஆறு வருடப் பழைய போனுக்குப் புதுப்பிப்பு எங்கே வரப்போகிறது? வேலை செய்யக்கூடிய பொருளை ஒரு வரி இல்லாததால் குப்பைக்கு அனுப்புகிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. இங்குள்ள இன்னொரு தொலைபேசி நிறுவனமான சிம்பாவுக்கு மாறலாமா என்று கேட்காதீர்கள். அவர்களிடம் 3ஜி எப்போதுமே இருந்ததில்லை, அங்கேயும் இதே வோல்டி தேவை.

இதைவிட முக்கியம் அவசர அழைப்பு. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28ஆம் தேதி டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை மூடத் தொடங்கின. சாதாரண அழைப்புக்கு வோல்டி இருந்தும், அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கும் போன்கள் அங்கே இருந்தன. அப்படிப்பட்டவற்றை நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது என்று சட்டமே போட்டார்கள். வீட்டில் வயதானவர் இருவர். இங்கே ஆம்புலன்ஸுக்கான 995 போகுமா என்று தெரியாத போனை அவர்கள் நம்பியிருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க 995ஐக் கூப்பிடவும் வேண்டாம், அந்த இணைப்பு வேறு யாருக்கோ உயிர்.

தோபாயோவாசி:

சிம் என்று சொன்னது நான்தான், மன்னிக்கவும். மாமா போனும் இரட்டை சிம்தான். கடையில் புது சிம்மை முதல் இடத்தில் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

ஈசூன்மகள்:

எல்லாருக்கும் நன்றி. இதே சிக்கலோடு வருகிறவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

4636 பக்கத்தில் ஐஎம்எஸ் பதிவாகவில்லை என்றே இருந்தது. தம்பி சொன்ன இரண்டாவது குறியீடு இந்த வகைக்குப் பொருந்தவில்லை. சனிக்கிழமை அப்பாவைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப் போனேன், அங்கே போன் பயன்படுத்த முதியவர்களுக்கு உதவும் மின்னிலக்கத் தூதர்கள் இருந்தார்கள். ஒரு இளம்பெண் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். புதுப்பிப்பு 2020க்குப் பிறகு வரவே இல்லை என்று காட்டினார். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பாட்டியும் இதே சிக்கலோடு உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு அங்கேயே ஒரு வழி தோன்றியது. பழைய போனில் இந்திய சிம் மட்டும் இருக்கும், அது வீட்டு மேசையில். திருச்சி வங்கி ஓடிபிக்கும் வைஃபையில் வாட்ஸ்அப்புக்கும் அது போதும். வெளியே எடுத்துப் போக இங்கேயே விற்கும் ஒரு எளிய போன் வாங்கினோம். பணம் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவின் சிம்மைப் போட்டு, கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிடச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே 4ஜி மறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

இன்று காலை மறுபடி தேக்காவுக்குப் போனார். மணி பத்துக்கு அழைப்பு வந்தது. பூக்கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவருக்கும் பேசக் கொடுத்தார்.

கிராஞ்சித்தம்பி:

சந்தோஷம் அக்கா. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பது எனக்குத் தோன்றவில்லை, இனி எங்கள் ஆட்களுக்கும் அப்படியே சொல்கிறேன். இன்னும் மூன்று பேர் போன் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம்.