கெர்னல் லாகில் நேரம் வரவில்லை, பூட் எங்கே இழுக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி
வணக்கம். ஏஆர்எம் போர்டு ஒன்றில் லினக்ஸ் 5.10 கெர்னல், பிஸிபாக்ஸோடு (சிறு கருவிகளுக்கான கட்டளைத் தொகுப்பு) ஓடுகிறது. பூட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது. எந்த டிரைவர் காரணம் என்று பார்க்கலாம் என்றால், சீரியல் கன்சோலிலும் சரி, டிமெசேஜிலும் (கெர்னல் லாகைக் காட்டும் கட்டளை) சரி, வரிகளுக்கு முன்னால் நேரமே இல்லை. லேப்டாப்பில் சதுர அடைப்புக்குள் வினாடிக் கணக்கு வருகிறதே, அது இங்கே வரக் கெர்னலை மறுபடி கம்பைல் செய்யத்தான் வேண்டுமா?

மறுமொழி 1
தேவையில்லை. யூபூட்டில் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) பூட்ஆர்க்ஸ் வரியின், அதாவது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரியின், கடைசியில் பிரிண்ட்கே.டைம்=1 என்று சேர்த்து ரீபூட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்றால் /சிஸ்/மாட்யூல்/பிரிண்ட்கே/பாராமீட்டர்ஸ்/டைம் ஃபைலில் 1 எழுதுங்கள். 3.5 முதல் வந்த கெர்னல்கள் ஒவ்வொரு செய்தியோடும் நேரத்தை எப்போதும் சேமிக்கின்றன, காட்டுவதா வேண்டாமா என்பதுதான் இந்த அமைப்பு. அதனால் பழைய வரிகளுக்கும் நேரம் தெரியும்.

கேட்டவர்
நன்றி அண்ணா, வந்துவிட்டது! ஆனால் முதல் சில வரிகள் எல்லாம் 0.000000 என்றே இருக்கின்றன. சரிதானா?

மறுமொழி 1
சரிதான். கெர்னலின் கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. யூபூட்டில் போன நேரமும் இதில் சேராது. அதை அளக்க, சீரியலைப் படிக்கும் கணினியில் கிராப்சீரியல் (வரும் ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறிக்கும் கருவி) ஓட்டி அந்தப் பக்கம் நேரம் போடுங்கள்.

மறுமொழி 2
முக்கியமான ஒன்று: சீரியல் கன்சோலே நேரத்தைத் தின்னும். 1,15,200 பாட் வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்று வெளியே போக ஏறக்குறைய 7 மில்லிவினாடி. நூற்றுக்கணக்கான வரிகள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்ஆர்க்ஸில் கொயட் (கன்சோலில் செய்திகளைக் குறைக்கும் அமைப்பு) சேர்த்துவிட்டு, பூட் முடிந்தபின் டிமெசேஜில் பாருங்கள். அப்புறம், பெரிய இடைவெளிக்கு அடுத்து வரும் வரியின் மேல் உடனே பழி போடாதீர்கள். இரண்டு வரிகளுக்கு நடுவில் எதுவும் அச்சிடாமல் ஓடியது வேறொன்றாக இருக்கலாம். இனிட்கால்_டீபக் சேருங்கள், ஒவ்வோர் இனிட்காலும் (பூட்டின்போது டிரைவர் போன்றவற்றைத் தொடங்கும் ஃபங்ஷன்) எத்தனை மைக்ரோவினாடி எடுத்தது என்று தெரியும். லாக் நிரம்பி முதல் வரிகள் போகாமலிருக்க லாக்_பஃப்_லென்=1எம் போடுங்கள்.

கேட்டவர்
கிடைத்துவிட்டது. கெர்னலே நெட்வொர்க் முகவரி வாங்கும் ஐபி_ஆட்டோ_கான்ஃபிக் என்ற இனிட்கால் மட்டும் பல வினாடி எடுக்கிறது. போர்டோடு வந்த பூட்ஆர்க்ஸில் ஐபி=டிஎச்சிபி இருக்கிறது. என் ரூட் ஃபைல்சிஸ்டம் போர்டிலேயே உள்ள இஎம்எம்சி சேமிப்பில்தான் இருக்கிறது.

மறுமொழி 2
அப்படியானால் அந்த ஐபி=டிஎச்சிபியை எடுத்துவிடுங்கள். என்எஃப்எஸ்ஸில், அதாவது நெட்வொர்க் வழியாக, ரூட் ஏற்றினால்தான் கெர்னலே ஐபி வாங்க வேண்டும். உங்களுக்குப் பூட் ஆனபின் பிஸிபாக்ஸின் டிஎச்சிபி கிளையன்டான யூடிஎச்சிபிசி வாங்கிக்கொள்ளும்.