பவர் பேங்கை ஏன் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது?

கேள்வி:
அடுத்த மாதம் என் பெற்றோர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வருகிறார்கள். பவர் பேங்க் தீப்பிடிக்கக்கூடியது என்றால், அதைப் பயணிகளிடமிருந்து விலக்கிக் கீழே சரக்கு அறையில் வைப்பதுதானே முறை? கைப்பையில் வைக்கச் சொல்வது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
பறக்கும்போது சரக்கு அறைக்குள் போய்த் தீயை அணைக்க ஆளில்லை என்பதே காரணம். அங்கே பீய்ச்சப்படும் ஹேலான் வாயு சுவாலையை அடக்கும். ஆனால் பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியின் செல் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறத் தொடங்கினால், அந்த வெப்பமே மேலும் வேதிவினையைத் தூண்டி, பக்கத்துச் செல்லுக்கும் பரவும். அதை நிறுத்தக் குளிர்விக்க வேண்டும். ஹேலானால் அது ஆகாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த, யூபிஎஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தீ எச்சரிக்கை ஒலித்த அரை மணி நேரத்துக்குள், கருவிகளைக்கூடப் பார்க்க முடியாதபடி புகை சூழ்ந்து, விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் பன்னாட்டுத் தடை உள்ளது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கைப்பையில் இருந்தால் மட்டும் போதாது, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படுவதற்கு முன்பே எரிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்கில் மின்காப்பு சிதைந்து தீப்பிடித்திருக்கலாம் என்று விசாரணை அதிகாரிகள் கூறினர். நல்லவேளையாக 176 பேரும் வெளியேறிவிட்டனர். அதன்பின் கொரியா, பவர் பேங்கை அந்தப் பெட்டிகளில் வைக்கத் தடை விதித்தது. இன்னொன்று: எரியும் பேட்டரியின் மேல் ஐஸ் கட்டியைக் கொட்டக் கூடாது, அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவதே சரி.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் இருப்பதில் 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. அனுமதிப்பார்களா?

பதில் 1:
எம்ஏஎச்சைச் செல்லின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் 74 வாட்-மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு) வரும். 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கூடாது. அச்சு தேய்ந்திருந்தால் சோதனையில் தடுக்கக்கூடும், வேறொன்றைக் கொடுத்தனுப்புங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதல் பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் அனுமதியில்லை என்பதால், போனை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளச் சொல்லுங்கள். போன் இருக்கையின் இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காமல் பணிப்பெண்ணை அழைக்கவும் சொல்லிவையுங்கள்; நசுங்கிய போனும் அதே வகையில்தான் எரியும்.