அமெரிக்காவில் பெறாமகள் ஆதரிக்கும் புதிய வேட்பாளருக்கு இங்கிருந்து உதவலாமா?

கோண்டாவிலான் (கேள்வி):
வணக்கம். நியூயோர்க்கில் குடியுரிமை பெற்று வாழும் என் அண்ணரின் மகள், பல தவணைகளாக அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் இருக்கும் ஒருவரை எதிர்த்து அதே கட்சிக்குள் போட்டியிடும் இளம் வேட்பாளருக்காக வார இறுதிகளில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கிறாள். பதவியில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அங்கு மீண்டும் வென்றுவிடுவதால், இது வீண் உழைப்பு என்கின்றனர் வீட்டார். எனக்கோ அவளுடைய முயற்சியில் மதிப்பு உண்டு. சிறு தொகையொன்று அனுப்ப விரும்புகிறேன். அது முறையா, பயன் தருமா?

வடலி:
பணம் அனுப்பாதீர்கள். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாத எவரும் அங்குள்ள எந்தத் தேர்தலுக்கும் நிதி கொடுப்பதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. பெறாமகளின் கையில் கொடுத்து அவள் பெயரில் செலுத்துவிப்பதும் குற்றமே. எதிர்த்தரப்பு அதனைக் கண்டுபிடித்தால் பாதிப்பு உங்களுக்கன்று, அந்த வேட்பாளருக்கே. அவள் தன் சொந்த உழைப்பிலிருந்து கொடுப்பதற்குத் தடையில்லை.

சங்கானையூரான்:
வீண் உழைப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். 2018 யூன் மாதத்தில் நியூயோர்க்கின் 14ஆம் தொகுதியில், கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில் ஜோ குரோவ்லி என்பவரை, அதற்கு முன் எப்பதவியும் வகித்திராத 28 வயதுடைய அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ கோர்ட்டெஸ் தோற்கடித்தார். குரோவ்லி 1999 முதல் காங்கிரஸில் இருந்தவர். கட்சித் தலைமையில் முன்வரிசையில் நின்றவர். எதிராளியைவிடப் பல மடங்கு பணம் செலவிட்டவர். ஆனால் 2004க்குப் பின் கட்சிக்குள் அவரை எதிர்த்து எவரும் நிற்காததால், தொகுதியில் வாக்குக் கேட்டுச் செல்லும் பழக்கமே அவருக்கு அற்றுப்போயிருந்தது என்பது என் கருத்து. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் அத்தொகுதியில், அன்று முப்பதாயிரத்துக்கும் குறைவானோரே வாக்களித்தனர். இத்தகைய உட்கட்சித் தேர்தலில் சில ஆயிரம் பேரை வாக்களிக்க அழைத்து வந்தாலே முடிவு மாறிவிடும் என்பதால், உங்கள் பெறாமகள் தட்டும் ஒவ்வொரு கதவுக்கும் பொதுத்தேர்தலில் இல்லாத பெறுமதி இருக்கிறது.

பெற்ற வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் எங்கள் இலங்கை விகிதாசார முறையை வைத்து அதனை அளவிடக்கூடாது. 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் ஒன்றை ஒரு சுயேச்சைக் குழுவே பெற்றது. அமெரிக்காவிலோ தொகுதிக்கு ஒரே ஆசனம், இருப்பவர் விலகாதவரை அவரை வீழ்த்தாமல் உள்ளே போக வழியில்லை. ஒப்பிடுவதானால் பழைய தொகுதி முறையையே எடுக்கவேண்டும்: 1956 முதல் வட்டுக்கோட்டையின் உறுப்பினராக இருந்த அமிர்தலிங்கம், 1970இல் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். வென்றவர் பின்னர் அரசுப் பக்கம் சாய்ந்து 1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பை ஆதரித்ததையும் மறந்துவிடலாகாது. ஆகவே, அந்த இளைஞர் வென்றபின் எந்த விடயங்களில் எப்படி வாக்களிப்பார் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டுவைக்கும்படி பெறாமகளிடம் சொல்லுங்கள்.

கோண்டாவிலான்:
மிக்க நன்றி. பணத்தை நிறுத்திக்கொள்கிறேன். வேறு ஏதேனும் செய்ய வழி உண்டா?

வடலி:
ஊதியம் பெறாத தன்னார்வப் பணிக்கு வெளிநாட்டவருக்கும் இடமுண்டு. பிரசார முடிவுகளிலும் செலவுகளிலும் மட்டும் தலையிடக்கூடாது. அத்தொகுதியில் உங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். நியூயோர்க்கில் அந்தக் கட்சியில் பதிவுசெய்தவர்களே உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பதிவுக்கான இறுதித் திகதியும் வாக்களிப்புக்கு முன்பே கடந்துவிடும். முதலில் அதைத்தான் அவர்களிடம் விசாரிக்கவேண்டும்.