புதுப்பிப்பு: விந்துக்குழாயைத் திரும்ப இணைத்து ஆறு மாதம்

ஒன்பது வருடத்துக்கு முன் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாட்டை நீக்கலாமா என்று கேட்டிருந்தேனே, ஆபரேஷன் முடிந்துவிட்டது. ரிசல்ட் என்ன என்று கேட்டவர்களுக்காக இது.

மூன்றாம் மாதம் மில்லிக்கு 40 லட்சம் விந்தணுதான், அதிலும் அசைந்தவை நூற்றுக்குப் பத்து. அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர். இப்போது 1.9 கோடி, அசைவு 31%. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1.6 கோடி, 42%. எண்ணிக்கை தாண்டியாச்சு, அசைவுதான் இன்னும் தேறணும்.

அப்புறம், வீட்டில் சாம்பிள் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கணும், சூடும் குறையக் கூடாது. டப்பாவைச் சட்டைக்குள் அணைத்தபடி ஆட்டோவில் போனேன். "நெஞ்சு வலியா தம்பி?" என்றார் டிரைவர்.