புதுப்பிப்பு: டெக்சாஸ் உளவியலாளரிடம் ஒஹாயோவிலிருந்து தொடரலாமா?

மகள் படிக்க ஒஹாயோ போகிறாள், டெக்சாஸில் பார்த்துவந்த உளவியலாளரிடமே வீடியோவில் தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடரலாம். இரண்டு மாநிலங்களும் சைபேக்ட் (PSYPACT) ஒப்பந்தத்தில் இருக்கின்றன; ஒரு மாநில உளவியலாளர் இன்னொரு மாநிலத்தில் இருப்பவரைப் பார்க்க வழிசெய்யும், மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் அது. ஆனால் உளவியலாளருக்குத் தன் மாநில உரிமம் இருந்தால் மட்டும் போதாது. அவர் முனைவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும்; இ-பாஸ்போர்ட் (E.Passport) என்ற தொலைவழி உளவியல் சேவைக்கான சான்றிதழும் ஒப்பந்த ஆணையத்தின் அனுமதியும் தனியாக வாங்கியிருக்க வேண்டும். நல்லவேளை, எங்கள் டாக்டர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். உளவியலாளரே வேறு மாநிலத்துக்குப் போய் நேரில் பார்ப்பதற்கு வேறு அனுமதி. ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு 30 நாள்தான்.

அப்புறம், பேசும் நேரத்தில் மகள் எந்த மாநிலத்தில் இருக்கிறாள் என்பதும் முக்கியம். விடுமுறைக்குக் கலிபோர்னியா போனால் இந்த அனுமதி அங்கே செல்லாது. அவ்வளவு பெரிய மாநிலம், இன்னும் சேரவில்லை!