பீபிசில பாட்டு போட்ட டிஜே ஜான் பீல் ஷோவ ரேடியோல நேரடியா கேட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

போன வாரம் எங்க ஏரியா சாரிட்டி ஷாப்ல பழைய ரெக்கார்டு பெட்டிய கிளறிட்டு இருந்தேன், ஒண்ணு கைல மாட்டுச்சு, அட்டைல போட்டோவே கிடையாது, பூரா பேண்டு பேருங்க மட்டும்தான், கல்யாணப் பத்திரிகைல மாமன் மச்சான் பேரெல்லாம் வரிசையா போட்டு நிரப்புவாங்களே அப்படி. பேரு ‘தி பீல் செஷன்ஸ்’. ஒரு பவுண்டுதானேன்னு எடுத்துட்டேன். பில் போட்ட பெரியவர் அதப் பாத்ததும் விடவே இல்ல, இந்த ஜான் பீல் 1967ல பீபிசி ரேடியோ 1 ஆரம்பிச்சப்ப உள்ள வந்தவராம், 2004ல பெருவுக்கு டூர் போன இடத்துல சாகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தாராம். நான் லண்டன் வந்ததே 2009ல. கேட்டவங்க சொல்லுங்களேன்.

---

தம்பி, நான் கேட்டிருக்கிறன். 86ல வந்த புதுசில ஒரு பெற்றோல் செட்டில இரவு வேலை, கண்ணாடிக் கூண்டுக்குள்ள நானும் ஒரு சின்ன றேடியோவும்தான். அப்ப றேடியோ 1க்கு சொந்தமா எஃப்எம் இல்ல, பகல் முழுக்க மீடியம் வேவில கரகரவெண்டு கிடக்கும். இரவு 10 மணிக்கு றேடியோ 2 தன்ர எஃப்எம்மை 12 மணி மட்டும் இவைக்கு விடும், அந்த நேரம்தான் இந்தாள் வருவார், நான் டக்கெண்டு எஃப்எம்முக்கு மாத்துவன், மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கும்.

மற்றவை மாதிரி கத்திறேல்ல, பகிடி விடுறனெண்டு அலட்டுறேல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால கதைக்கிற மாதிரித்தான். பாதிப் பாட்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, உண்மையைச் சொல்லவேணும். ஆனா சிம்பாப்வே கிற்றார் பாட்டு போடுவார், அது எங்கட பைலா மாதிரி, கால் தானா ஆடும். அதுக்காகவே மிச்சத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்தனான். ஒருநாள் ஒரு பாட்டு நித்திரையில பாடுற மாதிரி இழுபட்டுப் போகுது, இதுவும் ஒரு ஸ்டைலாக்கும் எண்டு நானும் தலையாட்டிக்கொண்டு இருக்கிறன், பாத்தா மனுசன் நிமிசத்துக்கு 45 சுத்தில போடவேண்டிய தட்டை 33ல போட்டிட்டார். மன்னிப்புக் கேட்டு முதல்ல இருந்து போட்டார். அவருக்கு அது வழமையாம், பிறகுதான் தெரியும். வெளியில ஒருத்தன் காசு குடுக்க நிண்டு கண்ணாடியில தட்டித் தட்டிக் கை நொந்துபோனான், அதுக்கு முதலாளியிட்ட வாங்கிக்கட்டினது வேற கதை.

---

அண்ணா எழுதினது சூப்பர். நான் சவுண்ட் இன்ஜினியரிங் படிச்சவ, இந்த செஷன் எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடறேன், ஏன்னா அதுல ஒரு கூத்து இருக்கு. அப்ப ‘நீடில் டைம்’னு ஒரு கட்டுப்பாடு, ரெக்கார்டு கம்பெனிகளும் இசைக் கலைஞர்கள் சங்கமும் சேர்ந்து பீபிசிய கட்டி வச்சிருந்தாங்க, ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு ஓட்டலாம், நாள் பூரா தட்டே ஓடினா வாசிக்கிறவனுக்கு வேலை எங்கன்னு பயம். 1964ல ரேடியோ கரோலின் மாதிரி கடல்ல கப்பல நிறுத்தி பாட்டு போட்டவங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, 67 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு அவங்கள ஒடுக்கிட்டுதான் செப்டம்பர் 30ந்தேதி ரேடியோ 1 வந்துச்சு. பீலே அப்படி ஒரு கப்பல் ஸ்டேஷன்ல இருந்து வந்தவர்தான்!

தட்டு ஓட்ட முடியாத நேரத்துக்கு என்ன பண்றது, பேண்டையே கூப்பிட்டு வாசிக்க வச்சாங்க. பெரும்பாலும் ஒரே நாள், நாலு பாட்டு, மெருகேத்தவெல்லாம் நேரம் கிடையாது, மிக்ஸ் பண்ணு கிளம்பு. அதனாலதான் ஆல்பத்துல இருக்கறதவிட செஷன்ல பாட்டு முரட்டுத்தனமா நல்லா இருக்கும், என் கணக்கு அது. பீலுக்கு மட்டும் 4000க்கு மேல செஷன் ஆச்சு, ‘தி ஃபால்’ங்கற ஒரே பேண்டு 24 தடவ வந்திருக்கு.

முக்கால்வாசி நடந்தது மைடா வேல் ஸ்டுடியோல. நான் ஆசையா தேடிப் போனேன், அமைதியான குடியிருப்புத் தெரு, நீளமா தாழ்வா ஒரு வெள்ளைக் கட்டடம், தெரியாதவங்க கடந்து போயிடுவாங்க. 1909ல ஸ்கேட்டிங் ரிங்க்கா கட்டினது, 1934ல இருந்து பீபிசி கைல. ‘டாக்டர் ஹூ’ டிவி சீரியல் தீம் மியூசிக்க டெலியா டெர்பிஷையர் டேப்ப வெட்டி ஒட்டி உண்டாக்கினதும் இங்கதான். 2023ல வித்துட்டாங்க, வாங்கினவங்கள்ல ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரும் ஒருத்தர். நான் போனப்ப கதவு சாத்தியிருந்துச்சு, வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன் 😅

---

நான் லண்டன் பக்கமே போனதில்லங்க, ஆனா பீல கேட்டிருக்கேன். 90கள், தஞ்சாவூர் பக்கம் எங்க ஊரு, ராத்திரி பீபிசி தமிழோசை முடிஞ்சதும் அப்பா தூங்கப் போயிடுவார், நான் முள்ள மெதுவா நகர்த்தி உலக சேவைய புடிப்பேன், அதுல இவருக்கு அரை மணி நேரம் ஒரு ஷோ உண்டு. சிற்றலை வேற, பாட்டு கிணத்துக்குள்ள போயிட்டுப் போயிட்டு வரும். ஒருநாள் அப்பா எந்திரிச்சு வந்து “ஸ்டேஷன் கிடைக்கலன்னா அணைச்சுத் தொலைடா, ஒரே இரைச்சலா இருக்கு”ன்னார். ஸ்டேஷன் பளிச்சுன்னுதான்பா கிடைக்குது, பாட்டே அதுதான்னு எப்படி சொல்றது.

---

எல்லாருக்கும் நன்றி 🙏 அண்ணா, உங்க கதைய படிச்சிட்டுப் போய் என் ரெக்கார்டு லேபிள பாத்தேன், 45னு போட்டிருக்கு. ஒரு வாரமா 33லதான் ஓட்டிட்டு இருந்திருக்கேன், என்னா ஒரு சோகமான பேண்டுன்னு நினைச்சுக்கிட்டு.